குமிழ் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாக ஸ்கூட்டரில் நெம்மேலிக்கு வந்தீர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைவரைக்கும் போய்விட்டு, வழி கேட்டுத் திரும்பிவந்து, திண்ணையில் லேப்டாப்பைத் திறந்துவைத்தீர்கள். "சார், நுரையீரல் படம் ஒருமாதிரி பிடிபட்டுடுச்சு. மேல்வயிறுதான் கண்ணுல நிக்கவே மாட்டேங்குது" என்றீர்கள். மீன்காரம்மா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று அன்றைக்கு எதையும் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். எண் போட்டிருப்பது தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். முதலில் வருவதெல்லாம் பெரியது, கடைசியில் வருவதெல்லாம் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள்.

நான் பர்னார்டில் படித்தவன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934-இல் தொடங்கிய அந்தக் கதிரியக்க நிலையத்தில் நான் சேர்ந்தபோது சி.டி. என்பது புத்தகத்தில் படிக்கிற சங்கதி. வயிற்றுக்கு எங்கள் கையில் இருந்ததெல்லாம் எக்ஸ்ரேயும் பேரியமும்தான். எங்களுக்கு முந்தின தலைமுறையினர் திரையைப் பார்ப்பதற்கு முன் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணை இருட்டுக்குப் பழக்கினார்கள். அந்தக் கஷ்டம் எங்களுக்கு இல்லை. எங்களுடைய கஷ்டம் உங்களுக்கு இல்லை. ஆனால் இரைப்பை அதே இரைப்பைதான்.

1. படத்தைப் பார்க்கும் முன் ஆளைக் கேளுங்கள்.

சீட்டில் 'வயிற்று வலி' என்று இரண்டே சொல் எழுதி அனுப்புவார்கள். வந்தவரோ, "சோறு எறங்கலிங்க, நெஞ்சாண்டயே நிக்குது" என்பார். இரண்டும் ஒன்றல்ல. முதலில் சோறு நின்று, பிறகு இட்லி நின்று, பிறகு கஞ்சி நின்று, இப்போது தண்ணீரும் நிற்கிறது என்றால், உணவுக்குழாயின் வழி நாளுக்கு நாள் குறுகுகிறது. ஏதோ வளர்கிறது, அல்லது தழும்பு இறுகுகிறது. தொடக்கத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒன்றுபோலத் தங்குகின்றன, சில நாள் பரவாயில்லை, சில நாள் மோசம் என்றால், வழி அடைபடவில்லை. குழாயின் அசைவுதான் கெட்டிருக்கிறது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி ரிப்போர்ட் எழுதியாகிவிடும்.

எத்தனை நாளாக என்று கேளுங்கள். வேட்டியோ பாவாடையோ இடுப்பில் தளர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். எடை குறைந்ததா என்று கேட்டால் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. இடுப்பு தளர்ந்தது எல்லோருக்கும் தெரியும்.

எதுக்களிக்கிறது, நெஞ்சு கரிக்கிறது, புளிச்ச ஏப்பம் வருகிறது என்பவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அடக்காதீர்கள். எதுக்களித்து வருவது புளிப்பாக இருந்தால் அது இரைப்பைவரை போய்த் திரும்பியிருக்கிறது. தின்ற சோறு தின்றபடியே, புளிக்காமல் வந்தால் அது இரைப்பையை எட்டவே இல்லை.

2. 'வாய்வு' என்று ஒருவர் நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு வந்தால், ஸ்கேன் மேஜையில் ஏற்றுவதற்கு முன் இ.சி.ஜி. எடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள்.

ஐம்பது வயது, வியர்வை, இடது தாடையில் ஒரு கனம். அது இதயமாக இருக்கலாம். நெஞ்சுக்குழிக்குப் பின்னால் எது இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

3. நின்று எடுத்த படமா, படுத்து எடுத்த படமா?

இதைக் கேட்காமல் எந்த வயிற்றுப் படத்தையும் படிக்காதீர்கள். காற்று மேலே போகும், நீர் கீழே தங்கும். இரண்டும் சேர்கிற இடத்தில் கோடு போட்டாற்போல ஒரு மட்டம் தெரிய வேண்டுமென்றால் கதிர் கிடைமட்டமாக வர வேண்டும். படுக்கையில் மல்லாந்தவருக்கு மேலிருந்து எடுத்த படத்தில் நீர்மட்டத்தைத் தேடுவது, குளத்தை நேர் மேலேயிருந்து பார்த்து ஆழம் சொல்வதுபோல. இடது வலது குறியையும் பாருங்கள். அதைத் தவறாக ஒட்டிய படங்களை நான் ஒன்றிரண்டு அல்ல, நிறையவே பார்த்திருக்கிறேன். உடலுறுப்புகளே இடம் வலமாக மாறியிருந்தவர்களையும் மூன்று பேர் பார்த்திருக்கிறேன்.

4. குமிழ் எங்கே?

என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். நின்று எடுத்த மார்புப் படத்தில் இடது உதரவிதானத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு காற்றுக் குமிழ் தெரியும். இரைப்பையின் மேல்முனையில் தங்கிய காற்று. நாம் சோற்றோடும் பேச்சோடும் விழுங்குகிற காற்றுதான் அது. நுரையீரலைப் பார்த்து முடித்தவுடன் படத்தைக் கவரில் போட்டுவிடாமல், கண்ணை இரண்டு விரற்கடை கீழே இறக்குங்கள். குமிழ் இருக்கிறதா? இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? அதன் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா? மூன்றே கேள்விகள்.

குமிழ் இல்லை என்பதாலேயே நோய் என்று எழுதாதீர்கள். நல்ல ஆளுக்கும் சில நேரம் தெரியாது. ஆனால் குமிழும் இல்லை, நடுமார்பும் அகன்றிருக்கிறது, அந்த அகலத்துக்குள் ஒரு நீர்மட்டமும் தெரிகிறது என்றால், உட்கார்ந்து யோசியுங்கள்.

உப்பளத்தில் வேலைபார்த்த ஓர் அம்மாள், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மூன்று வருடமாக இரவில் இருமல். காசநோய் மாத்திரை ஒரு சுற்று, இழுப்பு மருந்து ஒரு சுற்று. தலையணை நனைகிறது என்று சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. படத்தைப் பார்த்தால் குமிழ் இல்லை. இதயத்தின் வலது ஓரமாக இன்னொரு கோடு ஓடுகிறது. பேரியம் கொடுத்தோம். உணவுக்குழாய் மலைப்பாம்புபோல வீங்கி, கீழே வந்து கொக்கின் அலகுபோலக் கூர்மையாக முடிந்தது. புத்தகத்தில் பறவை அலகு என்றிருக்கும். பக்கிங்காம் கால்வாய் ஓரம் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் மறக்காது.

அதுதான் அகலேசியா. உணவுக்குழாயின் கீழ்வாய் தசை விழுங்கும்போது விரிந்துகொடுக்க வேண்டும்; அதை ஆளும் நரம்பணுக்கள் அழிந்துபோனதால் விரியாமல் இறுகி நிற்கிறது. மேலே தேங்கிய சோறும் நீரும் இரவில் படுத்ததும் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. இருமலுக்குக் காரணம் நுரையீரல் அல்ல. 1674-இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர், திமிங்கிலத்தின் வாய்த்தகட்டு முனையில் கடற்பஞ்சைக் கட்டி, இப்படிப்பட்ட ஒருவருக்குச் சோற்றை உள்ளே தள்ளிவிடச் சொல்லிக்கொடுத்தார். 1913-இல் ஹெல்லர் அந்தத் தசையைக் கீறினார். இன்று வாய்வழியாக எண்டோஸ்கோப்பை விட்டே கீறுகிறார்கள். சிகிச்சைக்குப் பின் குழாய் காலியாகிறதா என்று பார்க்க, இன்றும் பேரியம் கொடுத்து நிமிடக் கணக்கில் படம் எடுக்கிறார்கள். பேரியம் செத்துவிட்டது என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. அதே அலகு அறுபதைத் தாண்டியவருக்கு, நாலைந்து மாதத்துக்குள் வந்து, ஆள் உருக்குலைந்திருந்தால், அதை அகலேசியா என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் வளர்ந்த புற்று, அகலேசியாவின் வேஷம் போடும். குறுகிய பகுதி 3.5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால், ஒரு பக்கம் மட்டும் தோள் தூக்கி நின்றால், விளிம்பு கரடுமுரடாக இருந்தால், சி.டி.யும் எண்டோஸ்கோபியும் வேண்டும்.

5. குமிழ் இருக்கிறது, இடம்தான் வேறு.

இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒரு வட்டமும் நீர்மட்டமும் தெரிந்தால், இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக மேலே ஏறியிருக்கிறது. வயதானவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் மோதிக் கொண்டுவரப்பட்டவருக்கு இடது மார்பில் பெரிய காற்றறை தெரிந்தால் அது வேறு கதை. அது நுரையீரலைச் சுற்றிய காற்று என்று எண்ணி ஊசியோ குழாயோ குத்துவதற்கு முன், உதரவிதானம் கிழிந்து இரைப்பையே மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயின் நுனி மார்பிலேயே சுருண்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

6. உதரவிதானத்துக்கு அடியில் பிறை.

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இருந்த புண் ஓட்டையானால், காற்று வெளியேறி வயிற்றறைக்குள் மேலே ஏறும். வலப்பக்கம் கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே மூன்றாம் பிறைபோல மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். இடப்பக்கம் குமிழ் இருப்பதால் குழப்பம். ஆகவே வலப்பக்கத்தில் தேடுங்கள். நன்றாக எடுத்த படத்தில் 1 மில்லி காற்றுகூடத் தெரியும். 'நன்றாக எடுத்த' என்பதில்தான் விஷயம். வலியில் சுருண்டவரைத் தூக்கி நிறுத்தி அந்த நொடியே சொடுக்கினால் காற்று ஏறியிருக்காது. பத்து நிமிடம் உட்காரவைத்து, பிறகு மார்புப் படம் எடுங்கள். வயிற்றுப் படத்தைவிட மார்புப் படமே இதற்கு மேல். உட்கார முடியாதவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கிடைமட்டக் கதிரில் எடுங்கள். காற்று கல்லீரலின் ஓரத்தில் வந்து நிற்கும்.

பிறை தெரியவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று எழுதாதீர்கள். ஓட்டை விழுந்தும் பிறை காட்டாதவர்கள் கணிசம். வயிறு பலகைபோல இறுகியிருந்தால் சி.டி.க்கு அனுப்புங்கள். இன்னொரு பக்கம், பிறையைப்போல் ஏமாற்றுவதும் உண்டு. பெருங்குடல் கல்லீரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். கறுப்புக்குள் குறுக்கே மடிப்புகள் தெரிந்தால் அது குடல். நாலு நாள் முன்பு வயிற்றைத் திறந்து அறுவை செய்திருந்தால், மிச்சக் காற்று இருப்பதும் இயல்பே.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையைப் பற்றி விசாரியுங்கள். வலை இழுப்பவருக்குத் தோள்வலி, கல் செதுக்குபவருக்கு முதுகுவலி. மாமல்லபுரத்துச் சிற்பிகளில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு உளி பிடிப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டை என்று சந்தேகம் வந்துவிட்டால் பேரியத்தைத் தொடாதீர்கள். வயிற்றறையில் கொட்டினால் அது கரையாது, ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். நீரில் கரையும் அயோடின் மருந்தைக் கொடுங்கள். ஆனால் விழுங்கினால் புரை ஏறுகிறவருக்கு, அடர்த்தி மிகுந்த பழைய வகையைக் கொடுத்தால் நுரையீரல் நீர் கோத்துவிடும். அவருக்கு அடர்த்தி குறைந்த வகைதான்.

7. பேரியம் என்பது வெறும் வெள்ளைக் கஞ்சியல்ல.

"சுண்ணாம்புத் தண்ணி குடிக்கச் சொல்றாங்க" என்று நம் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். 1910 வாக்கில் ஜெர்மனியில் பேரியம் சல்பேட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேரியத்தின் மற்ற உப்புகள் கரையும், கொல்லும். சல்பேட் கரையாது, வந்த வழியே போய்விடும். அந்த ஒரு வேறுபாட்டில்தான் எங்கள் தொழிலே நின்றது. அது உறுப்பின் உள்வடிவத்தை வார்த்துக் காட்டும். எண்டோஸ்கோபி தோலைக் காட்டும். பேரியம் நடையைக் காட்டும்.

புண்ணைப் பார்த்தால் இப்படிக் கேளுங்கள்: பேரியம் தேங்கிய குழி, இரைப்பையின் வெளிக்கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? சுற்றியுள்ள மடிப்புகள் குழியின் விளிம்புவரை ஒழுங்காக வந்து சேருகின்றனவா? அப்படியானால் பெரும்பாலும் சாதுவான புண். குழி கோட்டுக்கு உள்ளேயே, ஒரு மேட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? மடிப்புகள் வந்துசேரும் முன்பே மொட்டையாக, தடித்து நின்றுவிடுகின்றனவா? புற்று. ஆனால் இரைப்பைப் புண் எதையும் படத்தை மட்டும் நம்பிச் சாது என்று முடிக்காதீர்கள். சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

8. முகத்துவாரம் அடைத்தால் உள்நீர் பெருகும்.

கோவளம் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஏறினால் முட்டுக்காடு கழி எப்படிப் பரந்து தேங்கி நிற்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? இரைப்பையின் கடைவாய் அடைத்தால் அதேதான். படத்தில் இரைப்பை இடுப்பெலும்புவரை தொங்கும். நேற்றுச் சோறு, முந்தாநாள் கீரை எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நோயாளியை அசைத்தால் வயிற்றுக்குள் நீர் தளும்புகிற சத்தம் கேட்கும். அதற்கு எக்ஸ்ரேகூட வேண்டாம்.

எங்கள் காலத்தில் இப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்சிறுகுடலில் பல வருடத்துப் புண். ஆறி ஆறித் தழும்பேறி வழி மூடியிருக்கும். தென்னிந்தியாவில் அரிசி தின்கிற ஊர்களில் இந்தப் புண் அதிகம் என்று அன்றைக்குப் பெரிய விவாதமே நடந்தது. காரம், புளி, கவலை என்று பழியை எங்கெங்கோ போட்டோம். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அது பாக்டீரியாவின் வேலை என்றார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இப்போது இரண்டு வார மாத்திரையில் ஆறுகிற நோய்க்கு அன்றைக்கு வயிற்றைத் திறந்தோம். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் ரங்கபாஷ்யம் போன்றவர்கள் குடல் அறுவையைத் தனித் துறையாகவே வளர்த்தெடுத்த காலம் அது.

உங்களுக்கு இதனால் என்ன? எழுபது வயதுக்காரர் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை நேர்த்தழும்போடு வருவார். அன்றைக்கு இரைப்பையையும் சிறுகுடலையும் பக்கவாட்டில் இணைத்துத் தைத்திருப்பார்கள். தழும்பைப் பார்க்காமல் சி.டி.யை மட்டும் பார்த்தால் அந்த இணைப்பு ஒரு கட்டிபோலத் தெரியும். சட்டையைத் தூக்கிப் பாருங்கள், தம்பி. கணினிக்கு முன்னால் உட்கார்ந்தே வயிற்றைப் படிக்க முடியாது.

இன்றைக்குப் பெரியவர் ஒருவருக்குக் கடைவாய் அடைத்திருந்தால் முதல் சந்தேகம் புற்றின்மேல்தான் விழ வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் சென்னைப் பதிவேட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இரைப்பை நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது.

9. காலி இரைப்பை பொய் சொல்லும்.

சி.டி.யில் 'இரைப்பைச் சுவர் தடித்திருக்கிறது' என்று எழுத வருகிறது கை. சற்றுப் பொறுங்கள். சுருங்கிய கோணிப்பைக்கும் சுவர் தடிப்பாகத்தான் தெரியும். மேஜையில் ஏற்றுவதற்கு முன் மூன்று டம்ளர் தண்ணீராவது குடிக்கவைத்து, இரைப்பையை விரித்துப் பாருங்கள். விரிந்த பின்னும் ஓரிடம் தடித்தே இருந்தால், மருந்தேற்றியதும் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அப்போது எழுதுங்கள்.

எவ்வளவு குடித்தாலும் விரியாத இரைப்பையும் உண்டு. சுவர் முழுக்கப் புற்று பரவி, தோல் துருத்திபோல விறைத்துவிடும். உள்தோல் ஏறக்குறைய நன்றாகவே இருப்பதால் எண்டோஸ்கோப்காரர் சில நேரம் ஏமாந்துபோவார். "நாலு வாய் சாப்பிட்டா நெறஞ்சிடுது" என்று நோயாளி சொல்லியிருப்பார். இந்த ஒன்றில் எண்டோஸ்கோப்பை விடப் படம் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

10. ஆசிட்.

இதை எழுதக் கை கூசுகிறது. கழிவறை கழுவுகிற ஆசிட், நம் ஊரில் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைக்கப்படுகிறது. குழந்தை தெரியாமல் குடிக்கிறது. மனம் உடைந்தவர்கள் தெரிந்தே குடிக்கிறார்கள். காரம் உணவுக்குழாயையும் அமிலம் இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் தாக்கும் என்று நாங்கள் படித்தோம். நடைமுறையில் இரண்டும் இரண்டையும் கெடுக்கும்.

முதல் நாளில் நீங்கள் தேட வேண்டியது ஓட்டை: மார்புப் படம், தேவையானால் சி.டி. சுருக்கம் தெரிய மூன்று வாரம்போல ஆகும். அப்போது எடுக்கிற படத்தில் எத்தனை சுருக்கம், எந்த மட்டத்தில், எவ்வளவு நீளம், இரைப்பையின் கடைவாய் திறந்திருக்கிறதா என்று நான்கையும் எழுதுங்கள். குழாயை விரிக்கிறவர் உங்கள் அளவை வைத்துத்தான் கம்பியை விடுவார்.

ஏன் குடித்தாய் என்று மாமியார் முன்னால், புருஷன் முன்னால் கேட்காதீர்கள். நாம் கேட்கவே வேண்டாம். ஆனால் மனநல மருத்துவர் பார்த்தாரா என்று வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

11. மீன் முள்.

நெம்மேலிக் குப்பத்துக்காரர்களுக்கு முள் மாட்டுவது அபூர்வம். நாக்காலேயே முள்ளைப் பிரித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது வாரக்கடைசியில் சென்னையிலிருந்து வந்து, பேசிக்கொண்டே தின்கிறவர்கள். அடுத்து, பல்செட் கட்டிய தாத்தா பாட்டிகள்; மேலண்ணத்தை பிளாஸ்டிக் மூடியிருப்பதால் முள் இருப்பது தெரியாது. பல்செட்டே உள்ளே போவதும் உண்டு. அதன் இளஞ்சிவப்புப் பகுதி எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

கழுத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். முள் பெரும்பாலும் குழாயின் மேல்வாய்க்கு அருகில், ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புக்கு நேராக நிற்கும். அங்கேதான் குரல்வளைக் குருத்தெலும்புகளும் வயதானால் சுண்ணாம்பேறி வெள்ளையாகத் தெரியும். எத்தனையோ இளம் டாக்டர்கள் அந்தக் குருத்தெலும்பை முள் என்று எழுதி, எண்டோஸ்கோப்காரரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். நானும் வாங்கினேன். முள் மெல்லிசாக, கூராக, கீறினாற்போல இருக்கும். குருத்தெலும்பு தடித்து, மங்கிய ஓரத்தோடு, மூச்சுக்குழாயை ஒட்டியே இருக்கும்.

எலும்புக்கு முன்னால் உள்ள சதையின் அகலத்தை அளந்துபாருங்கள். இரண்டாம் எலும்புக்கு நேரே 7 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு ஆறாம் எலும்புக்கு நேரே 22 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால், உள்ளே காற்றுப் புள்ளிகள் இருந்தால், சீழ் கட்டுகிறது அல்லது ஓட்டை விழுந்திருக்கிறது.

என்ன மீன் என்று கேளுங்கள். இது வேடிக்கையில்லை. எல்லா மீன் முள்ளும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியாது. கானாங்கெளுத்திக் குடும்பத்து முள் சரியாகத் தெரிவதில்லை. படத்தில் இல்லை, ஆனால் ஆள் விழுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார் என்றால், மருந்து ஏற்றாத சி.டி. எடுங்கள். சோற்று உருண்டை, வாழைப்பழம் என்று வீட்டில் வைத்தியம் பார்த்து முள்ளை ஆழமாகக் குத்தவைத்துவிட்டு வருவார்கள். திட்டாதீர்கள், எத்தனை உருண்டை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்கணக்கில் தங்கிய முள் குழாயைத் துளைத்துப் பக்கத்துப் பெருந்தமனியைத் தொட்ட கதைகள் உண்டு.

12. காசா, பேட்டரியா?

குழந்தையின் நேர்ப்படத்தில் வட்டமாக முகம் காட்டி நிற்கிற காசு, பொதுவாக உணவுக்குழாயில் இருக்கிறது. விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால், பக்கவாட்டில் படிக்கட்டுபோல ஒரு வெட்டு தெரிந்தால், அது காசல்ல, பொத்தான் பேட்டரி. ரிப்போர்ட் டைப் அடிக்க உட்காராதீர்கள். போனை எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் வெந்துபோகத் தொடங்கிவிடும்.

13. பச்சையாக வாந்தியெடுக்கும் பச்சைக்குழந்தை காத்திருக்கக் கூடாது.

குடல் முறுக்கியிருக்கலாம். முன்சிறுகுடல் முடியும் வளைவு முதுகெலும்புக்கு இடப்பக்கம், இரைப்பைக் கடைவாயின் மட்டத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டே இரண்டு குமிழ்கள், கீழே ஒன்றுமில்லை என்றால் முன்சிறுகுடல் அடைப்பு. மூன்றாவது வாரம்போலத் தொடங்கி, பால் மட்டும் பீய்ச்சியடிக்கிற வாந்தி என்றால் ஸ்கேன் போதும்: கடைவாய்த் தசை 3 மில்லிமீட்டருக்கு மேல், வழியின் நீளம் 15 மில்லிமீட்டருக்கு மேல். மூத்த ஆண்பிள்ளைகளுக்கே அதிகம் வரும்.

14. கல்பாக்கம் கேள்வி.

தெற்கே 1983 முதல் அணு உலை ஓடுவதால், நம் பக்கத்து ஜனங்களுக்குக் கதிர்வீச்சு என்பது பழகிய சொல், பழகிய பயம். "இந்த ஸ்கேன் கல்பாக்கம் மாதிரி ஆபத்தா?" என்று கேட்பார்கள். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் சராசரியாக ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் தானாகவே வருகிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்று சி.டி. ஒன்றில் 8, 10 என்று போகும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. ஆகவே பயப்பட வேண்டியதும் இல்லை, தலைவலிக்கும் வாய்வுக்கும் சி.டி. எழுதுவதற்கு உரிமையும் இல்லை. பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்காமல் மேஜையில் ஏற்றாதீர்கள். உங்கள் மார்பில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பட்டை அலங்காரத்துக்கு அல்ல. ஈயக் கோட்டை மாட்டிவிட்டு, பட்டையை மேஜை இழுப்பறையில் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

15. ரிப்போர்ட்டில் மூன்று இருக்கட்டும். என்ன பார்த்தீர்கள், தேடியும் எது இல்லை, அடுத்து என்ன செய்யலாம். 'மருத்துவர் பார்த்து முடிவு செய்யவும்' என்ற வரியைக் குடைபோலப் பிடிக்காதீர்கள். அனுப்பியவர் அதற்காகத்தானே உங்களிடம் அனுப்பினார்.

16. கடைசியாக, உங்களிடம் அன்றைக்குச் சொல்ல வந்து நிறுத்திவிட்டது.

பல வருடத்துக்கு முன், ஊர் பேர் வேண்டாம், ஒரு மருத்துவமனை. இருமலுக்காக எடுத்த மார்புப் படம். லாரி டிரைவர், நாற்பத்தெட்டு வயது. அன்றைக்கு நூற்றுக்கு மேல் படங்கள். 'நுரையீரல் தெளிவாக இருக்கிறது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நுரையீரல் தெளிவாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து அவர் வேறொரு சீட்டோடு வந்தார்: சோறு இறங்கவில்லை. பேரியம் கொடுத்தபோது இரைப்பையின் மேல்முனையில் கைப்பிடி அளவுக் கட்டி. பழைய கவரை எடுத்துவரச் சொல்லி, அந்த முதல் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இடது உதரவிதானத்துக்கு அடியில் குமிழ் இருந்தது. அதன் உள்விளிம்பில், எலி கடித்த முறுக்குபோல, ஒரு துண்டு இல்லை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் சதை நின்றது. அது தெரிவதற்கு எந்த மருந்தும் தேவைப்பட்டிருக்காது. கண்ணை இரண்டு விரற்கடை கீழே இறக்கியிருந்தால் போதும்.

அவர் அதன்பின் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அவரிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படம் உங்ககிட்டயே இருக்கட்டும் டாக்டர்" என்றார்.

அது என் பீரோவில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. விளக்குப் பெட்டி இங்கே இல்லை. கடற்பக்கத்து ஜன்னலில் பிடித்துப் பார்க்கலாம்.